ஐந்து ஆம்பியர் ராஜாங்கம்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, சமையலறைக் கதவுக்கு மேலே இருந்த ஜங்ஷன் பாக்ஸ் புகை விட்டது. பெரிய புகை இல்லை. ஒரு சிகரெட் அளவுக்குத்தான். ஆனால் அதைப் பார்த்த மாத்திரத்தில் நஸ்ரியின் வாயிலிருந்து ஒரு சபதம் கிளம்பிற்று பாருங்கள், அதுதான் வீடு முழுக்க நிறைந்தது.

"எலக்ட்ரீஷியன்னு ஒருத்தன் இந்த வாசப்படி ஏறக் கூடாது. இந்த வீட்டு ஒயர்ல அந்நியன் கை படவே படாது. நானே பார்த்துக்கறேன்."

அவர் மனைவி விதாத் நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் குனிந்து கணவரைப் பார்த்தாள், ஏனென்றால் அவரைவிட அவள் நாலு விரல் உயரம். பெருமூச்சு விட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தாள்.

பெய்ரூத்தில், ஃபுர்ன் எல்-ஷுப்பாக்கில், நாலாவது மாடியில் இருந்த அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் வீட்டிலிருந்த ஏழு ஜங்ஷன் பாக்ஸுக்கும் இணைப்புப் போட்டது நஸ்ரியேதான். அவருடைய முறை ரொம்ப எளிமை. ரெண்டு ஒயர் நுனியைக் குறட்டால் முறுக்க வேண்டியது, மேலே கறுப்பு டேப்பை ஏழு சுற்றுச் சுற்ற வேண்டியது, மூடியைப் போட்டுத் திருகிவிட்டுக் காப்பி கேட்க வேண்டியது. ஆள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வுபெற்றவர். அங்கே முப்பது வருஷத்தில் அவரிடம் அபிப்பிராயம் கேட்ட ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. அதையெல்லாம் சேர்த்து வைத்து வீட்டில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவருக்கென்று ஒரு ராஜாங்கம் இருந்தது. ஐந்து ஆம்பியர் ராஜாங்கம். அரசாங்க மின்சாரம் அந்த ஊரில் மனசு வந்தால் வரும், வந்த சுவடு தெரியாமல் போகும். மீதி நேரமெல்லாம் தெருமுனை ஜெனரேட்டர்தான் படியளக்கிறது. அவர்கள் வாங்கியிருந்த சந்தா ஐந்து ஆம்பியர். ஃப்ரிட்ஜும் நாலு விளக்கும் ஒரு டிவியும் ஓடலாம். இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் டிவி சாக வேண்டும். வாட்டர் ஹீட்டரைப் போட்டால் கட்டட வாசலில் இருக்கிற பிரேக்கர் டப்பென்று விழும், அதைத் தூக்கிவிட யாராவது நாலு மாடி இறங்கி ஏற வேண்டும். ஆகவே எதை எப்போது போடலாம் என்று தீர்ப்புச் சொல்வதற்காக, நஸ்ரி நடுக்கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மகள் ஜூமானா தலை காய வைக்க வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். "யாரு ஹீட்டர் போட்டது?" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால், பாத்ரூமில் சோப்பு நுரையோடு நிற்கிறவள் அப்படியே நின்றுவிடுவாள். கரண்ட் போனால் பால்கனிக்குப் பாய்ந்து, கீழே ஜெனரேட்டர்காரன் நபீலை அவன் தாத்தா காலத்திலிருந்து வரிசையாகத் திட்டுவார். அதில் ஒரு சுகம்.

அப்பேர்ப்பட்ட ராஜாங்கத்தில் இன்னொருத்தன் ஸ்க்ரூடிரைவரோடு நுழைவதா? அது அவருக்குப் படையெடுப்பு மாதிரி. விஷயம் ஒயரில் இல்லை, நாற்காலியில் இருந்தது.

விதாத்துக்கோ வேறு கவலை. வருகிற மூன்றாவது ஞாயிறு, ஜூமானாவைப் பெண் கேட்க ஷாதியின் வீட்டார் வருகிறார்கள். சமையலறையில் விளக்கும் இல்லை, ஓவனும் இல்லை. பதினெட்டு நாள்தான் இருக்கிறது என்று சொன்னாள். ஏழு பெட்டியைப் போட்டவனுக்கு ஒரு பெட்டிக்குப் பதினெட்டு நாளா என்று நஸ்ரி சிரித்தார்.

ஒயரை இணைக்க இந்தத் தடவை முறைப்படி கனெக்டர் தேர்ந்தெடுப்பது என்று அவர் முடிவு செய்ததுதான் வினை. பூர்ஜ் ஹம்மூதில் கராபெத் என்கிற ஆர்மீனியர் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். பேச்சு குறைவு, சரக்கு சுத்தம். நஸ்ரி போய் நின்றதும் அவர் மேஜைமேல் மூன்று தினுசை எடுத்துப் போட்டார். முதலாவது, வெள்ளைப் பட்டையாக வரும், வேண்டிய அளவுக்கு நறுக்கி ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இறுக்க வேண்டியது. ரெண்டாவது, குல்லாய் மாதிரி ஒயர் நுனியில் வைத்துத் திருகுவது. மூன்றாவது, ஒளி ஊடுருவுகிற சின்னப் பெட்டி, மேலே ஆரஞ்சு நிறத்தில் நாக்கு. நாக்கைத் தூக்கி ஒயரை விட்டு மடக்கினால் முடிந்தது.

நஸ்ரி மூன்றையும் மாதிரிக்கு வாங்கிக்கொண்டு வந்து ஆராய்ச்சியில் இறங்கினார். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, குறுக்கே மூன்று தினுசும் நெடுக்கே பதினாறு குணங்களும் எழுதினார். கட்டத்துக்கு வண்ணம் அடித்தார். வண்ணம் தீர்ந்து போய் வாங்கி வந்தார். ஸ்க்ரூ நாளாவட்டத்தில் தளருமா என்று கேட்க ஒரு நாள் கடைக்குப் போனார். குல்லாய் எந்தப் பக்கம் திருகுவது என்று கேட்க இன்னொரு நாள். இப்படி ஒன்பது நடை. ஒன்பது தடவையும் கராபெத் பொறுமையாகப் பதில் சொல்லி, கடைசியில் "மேடமுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க" என்றார். எவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷன் என்று நஸ்ரி நெகிழ்ந்து போனார்.

வீட்டில் விதாத் கழுத்தில் டார்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். ஓவனில் வைக்க வேண்டியதையெல்லாம் தட்டோடு தூக்கிக்கொண்டு கீழே ரொட்டிக்கடை அடுப்புக்கு நடந்தாள். பத்தாவது நாள் மெதுவாக வாயைத் திறந்தாள்.

"அபு ரம்ஸி, அந்த ஆரஞ்சு நாக்கு வச்சதையே வாங்கிட்டு வாங்களேன்." மூத்தவன் ரம்ஸி கனடாவில் இருக்கிறான். அவன் பேரைச் சொல்லி அவனுடைய அப்பா என்று அவள் கூப்பிட்டால், பொறுமை பாதி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"அது விளையாட்டுச் சாமான். நாக்கை மடக்கினா கரண்ட் நிக்குமா?"

"நிக்கும். ஒயர் நுனியைப் பதினோரு மில்லிமீட்டர் உரிக்கணும், அவ்வளவுதான். கூட உரிச்சா செம்பு வெளிய தெரியும், கொறைச்சா பிடிக்காது."

"பதினோரு மில்லிமீட்டரா? உனக்கு யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க."

"இப்படித்தான் யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டைக் கொளுத்திடறாங்க" என்று நஸ்ரி வருத்தத்தோடு தலையாட்டினார். பிறகு தமது பிரசித்தி பெற்ற வாதத்தை எடுத்தார். சமையலறைப் பெட்டி எரிந்தது நீராவியால். டேப்மேல் குற்றமே இல்லை. மீதி ஆறு பெட்டியும் அவர் கையால் சுற்றிய அதே டேப்பில்தான் இருபத்திரண்டு வருஷமாக நிற்கின்றன. ஒன்றிலாவது ஒரு பொறி? ஒரு கருகல்? ஒரு முனகல்?

"இல்ல" என்று விதாத் ஒப்புக்கொண்டாள். "அந்த ஆறும் நல்லாத்தான் இருக்கு."

பதினேழாவது நாள், சனிக்கிழமை, ஆராய்ச்சி முடிந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் மூன்று கனெக்டரும் தோற்று, போட்டியிலேயே இல்லாத கறுப்பு டேப் ஜெயித்திருந்தது. நஸ்ரி கடைக்குப் போய் ஒசத்தியான டேப் ஒரு சுருள் கேட்டார். கராபெத்துக்கு இருமல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுக்க முடிந்தது. விருந்தாளிகள் போன பிறகு சுற்றிக்கொள்ளலாம் என்று நஸ்ரி வீட்டில் அறிவித்தார். விதாத் அன்றைக்கு ஏனோ சண்டை போடவே இல்லை. அதைக் கண்டாவது மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு மதியம் ஷாதி தன் அப்பா அம்மாவோடு வந்தான். அப்பா முனீர், நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், கைவிரல் ஒவ்வொன்றும் கத்தரிக்காய் பருமன். ரொட்டிக்கடை அடுப்பில் வெந்து வந்த கிப்பே என்கிற கறிப் பலகாரத்தை எல்லாரும் ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். விதாத் காலித் தட்டைக் கடையில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கீழே போய் வந்தாள். பிறகு ஏலக்காய் போட்ட காப்பி வந்தது. முனீர் ஒரு வாய் குடித்துவிட்டு, தாங்கள் வந்ததிலிருந்தே சமையலறையில் ஏன் மெழுகுவர்த்தி எரிகிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அவர் கனெக்டர் தேர்ந்தெடுத்துட்டு இருக்கார்" என்றாள் விதாத், பால் குடித்த பூனை மாதிரி சாதுவாக. "அவருக்கு இதுல ரொம்ப அனுபவம். இந்த வீடு முழுக்க அவரே போட்டதுதான். டேப் மட்டும் சுற்றி இருபத்திரண்டு வருஷம் ஆச்சாம். நீங்களே கேளுங்க."

முனீர் கப்பைக் கீழே வைத்தார். பெண் கேட்க வந்த சங்கதி அந்த நிமிஷத்தோடு அவருக்கு மறந்து போயிற்று.

"வெறும் டேப்பா? ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்கி ஆடற ஆட்டத்துலயா? இருபத்திரண்டு வருஷமா?"

"கையில இருக்கு வித்தை" என்று நஸ்ரி மீசையைத் தடவினார்.

"மன்னிக்கணும் அபு ரம்ஸி. டேப் ரெண்டு வெயில் காலத்துல பசை விட்டு ஒழுகிடும். நான் பார்க்காம நம்ப மாட்டேன்." முனீர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பையன் வீட்டார் முன்னால், சொந்தக் கூடத்தில், பொய்யன் என்று ஆகிவிடுவதற்கு அதற்குமேல் என்ன வேண்டும்? நஸ்ரிக்குக் காது மடல் சிவந்தது. ஏணி எங்கே என்றார். ஏணி பக்கத்திலேயே, சுவரில் சாய்ந்து நின்றது. எப்போதும் பால்கனியில் கிடக்கிற ஏணி கூடத்துக்கு எப்படி வந்தது என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

பிரேக்கரை இறக்க வேண்டாமா என்று ஷாதி பயந்துகொண்டே கேட்டான். நஸ்ரி மேல்படியில் நின்று சிரித்தார். அரசாங்க மின்சாரம் ஆறு மணிக்கு முன்னால் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஜெனரேட்டர் மூன்றிலிருந்து ஐந்துவரை ஓய்வு. மணி நாலு. இல்லாத கரண்ட்டை எதற்கு இறக்க வேண்டும்? இந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டே, கூடத்துக் கதவுக்கு மேலிருந்த பெட்டி மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, மூடிக்கு அடியில் விரலை விட்டார்.

அன்றைக்குப் பார்த்து ஏதோ கால்பந்துப் போட்டி. தெருக்காரர்கள் நச்சரித்ததில், நபீல் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஜெனரேட்டரை ஓடவிட்டான். தடதடவென்று அது உறுமத் தொடங்கியது தெருமுனையிலிருந்து நன்றாகக் கேட்டது.

நஸ்ரிக்கு உயிர் போய் வந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. போனது நிச்சயம், வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. கையை எடுக்கவும் தைரியம் இல்லை, வைத்திருக்கவும் தைரியம் இல்லை. ஆனால் ஒன்றும் ஆகவில்லை. எதிர்வீட்டு டிவி அலறியது, இங்கே ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை.

"தட்டு கொடுக்கப் போனப்பவே கீழ அரசாங்க லைன், ஜெனரேட்டர் லைன், ரெண்டு பிரேக்கரையும் இறக்கிட்டேன்" என்றாள் விதாத், காலிக் கப்புகளை அடுக்கிக்கொண்டே.

"நான்தான்... சொல்லி வச்சிருந்தேன்" என்றார் நஸ்ரி. குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. பிறகு மூடியை எடுத்தார்.

உள்ளே டேப் இல்லை.

ஆரஞ்சு நாக்குகள் இருந்தன. வரிசையாக, மடக்கி வைத்து, கிளிப்பிள்ளைகள் மாதிரி. ஒயர்கள் எல்லாம் நிறவாரியாகப் பிரிந்து அழகாக வளைந்திருந்தன. ஒரு மில்லிமீட்டர் செம்பு வெளியே தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெட்டியைத் தவறித் திறந்துவிட்டோமா என்று ஒரு கணம் நினைத்தார். வாய் திறந்தது, மூடிக்கொள்ள மறந்துவிட்டது.

முனீருக்குப் பொறுக்கவில்லை. ஏணியிலேயே ஏறி, நஸ்ரியை ஓரமாக நகர்த்திவிட்டுத் தலையை நீட்டினார். ஒரு நாக்கைத் தட்டிப் பார்த்தார். ஒயரை இழுத்துப் பார்த்தார். நகைக்கடைக்காரர் மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"நாற்பது வருஷத்துல இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்ல. இது யார் செஞ்சது?"

விதாத் காப்பிக் கப்பின் அடியில் என்னவோ தேடினாள். ஜூமானா உதட்டைக் கடித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தாள். நஸ்ரிக்கு யோசிக்க மூன்று விநாடி கிடைத்தது. உண்மையைச் சொன்னால் ராஜாங்கம் போயிற்று. பொய் சொன்னால்... பொய் சொன்னால் என்ன ஆகும் என்பது வரைக்கும் மூன்று விநாடியில் யோசிக்க முடியவில்லை.

"நான்தான்" என்றார்.

"டேப்புன்னு சொன்னீங்களே?"

"அது வந்து... தன்னடக்கம்."

முனீர் ஏணியில் நின்றபடியே அவரைக் கட்டிப்பிடித்து ரெண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். ஏணி ஆடியது. கீழே இறங்கியதும் சத்தமாகச் சொன்னார், ஷாதிக்காக ஹதத்தில் வாங்கிய வீடு வெறும் சுவரோடு நிற்கிறது, பதினாலு ஜங்ஷன் பாக்ஸ், யாரை நம்பிக் கொடுப்பது என்று மூன்று மாசமாகத் தூக்கம் இல்லை. வீடு கொடுப்பது பையன் வீட்டுப் பொறுப்புத்தான், வழக்கம் அதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மருமகளின் அப்பாவிடமே இப்படி ஒரு கை இருக்கும்போது, அந்நியன் ஒருத்தனை உள்ளே விடலாமா?

"எங்க வீட்டு ஒயர்லயும் அந்நியன் கை படக் கூடாது, அபு ரம்ஸி. பதினாலும் நீங்கதான். கிறிஸ்துமஸுக்குள்ள முடிச்சிடலாமா?"

நஸ்ரி விதாத்தைப் பார்த்தார். முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு பார்வையை அவர் அவளைப் பார்த்ததில்லை. கெஞ்சல் என்றால் அப்படி ஒரு கெஞ்சல். உடம்பு சரியில்லை என்றோ முதுகுவலி என்றோ அவள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

"கண்டிப்பா முடிச்சிடுவார்" என்றாள் விதாத். "நாளைக்கே ஆரம்பிக்கட்டுமே."

ஜூமானா ஓடிப்போய்க் கீழே பிரேக்கரைத் தூக்கிவிட்டு வந்தாள். வெளிச்சத்தில் பெண் கேட்கும் பேச்சு அஞ்சு நிமிஷத்தில் முடிந்தது, எல்லாருக்கும் சம்மதம். முனீர் படியிறங்கும்போதும் ஆரஞ்சு நாக்கைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் நஸ்ரி ஏணியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஓடினார். படுக்கையறை, ஆரஞ்சு. பாத்ரூம் வாசல், ஆரஞ்சு. சாப்பாட்டு மேஜைக்கு மேலே, ஆரஞ்சு. அவருடைய நாற்காலிக்கு நேர் மேலே, தலைக்கு மேலே, இத்தனை வருஷமாக அவர் யாருடைய ஆட்சியில் உட்கார்ந்திருந்தார் என்று பார்த்தால், அதுவும் ஆரஞ்சு. ஆறாவது பெட்டியைத் திறக்காமலே ஏணியில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்போ?" என்றார்.

விதாத் ஒளிக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், ரம்ஸி கனடா போன சமயம், படுக்கையறையில் கருகல் வாசனை வந்தது. அவளே கராபெத் கடைக்குப் போனாள். அவர் ரெண்டு துண்டு ஒயரைக் கொடுத்து மேஜைமேலேயே பழக்கிவிட்டார். அதற்குப் பிறகு எந்தப் பெட்டி முனகினாலும் அவளே பார்த்துக்கொண்டாள்.

"நான் எங்க இருந்தேன்?"

"நாற்காலியில."

"பிரேக்கரை இறக்காமலா செஞ்சே?"

"இறக்கிட்டுத்தான். பார்ஸ்லி வாங்கப் போறேன்னு கீழ போவேன்ல? கரண்ட் போச்சுன்னதும் நீங்க பால்கனிக்குப் போயிடுவீங்க. நபீலைத் தாத்தாவிலேருந்து திட்டி முடிக்க உங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு பெட்டிக்கு அது தாராளம்."

நஸ்ரி கணக்குப் போட்டுப் பார்த்தார். பாவம் அந்த நபீல். நாலு வருஷமாக அவன் இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேறு எந்த ஊரிலும் ஒரு பெண்டாட்டி ஆறு தடவை கரண்ட்டை நிறுத்திவிட்டுப் புருஷனிடம் பிடிபடாமல் இருக்க முடியாது. இங்கே கரண்ட் போனால் ஏன் என்று யார் கேட்கிறார்கள்?

"அப்புறம் சமையலறைப் பெட்டியை மட்டும் ஏன் விட்டே?"

விதாத் கொஞ்சம் தயங்கினாள். அவள் குரலில் இப்போது கேலி இல்லை. "ஒண்ணாவது உங்க கைவேலையா இருக்கட்டும்னுதான். எனக்கும் அதை எடுக்க மனசு வரல."

அதைக் கேட்டதும் நஸ்ரி அவளைத் தொடக் கையை நீட்டினார். எரிந்தது அந்த ஒன்றுதான் என்பதும் கூடவே ஞாபகம் வந்து, நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா மறுபடியும் ரிப்பேர் பண்ணியிருப்பீங்க."

நஸ்ரி போய்த் தமது நாற்காலியில் உட்கார்ந்தார். பதினாலு பெட்டி. ஹதத். முனீர் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். ஒயரைப் பதினோரு மில்லிமீட்டர் உரிப்பது எப்படி என்று யாரிடம் கேட்பது? அதுவும் தெரிந்த விஷயம்தான். கருவி மாட்டுகிற ஏப்ரனை வாசல்வரை அவர் கட்டிக்கொண்டு போவதும், கதவு சாத்தியதும் அவள் வாங்கிக் கட்டிக்கொள்வதும் கண்முன்னே தெரிந்தது. மனுஷன் மிகவும் நொந்து போனார்.

அப்படி அவர் உட்கார்ந்திருக்கும்போது கூடத்து விளக்குப் பொசுக்கென்று அணைந்தது.

எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ. போனதெல்லாம் போனாலும் இது ஒன்று பாக்கி இருக்கிறதே என்று நஸ்ரி துள்ளி எழுந்தார். பால்கனிக் கதவைத் தள்ளி, கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்து, நபீலின் தாத்தாவிலிருந்து ஆரம்பித்தார். ரெண்டு தலைமுறை இறங்கி வந்துவிட்டார், அப்போதுதான் கீழேயிருந்து நபீல், மெஷின் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, காது கேட்கவில்லையா என்று கத்தினான். தெரு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சமையலறையில் ஏணி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

"நான்தான் ஜூமானாவை அனுப்பி இறக்கச் சொன்னேன்" என்றது விதாத்தின் குரல், கதவுக்கு மேலேயிருந்து. "திட்டி முடிச்சாச்சுன்னா வந்து டார்ச்சைப் பிடிங்க. நாளையிலேருந்து உங்களுக்கு அதான் வேலை."